வியாஜமும் வித்து எலக்ட்ரானும்

ஒரு விளைவு நிகழ்வதற்கு வேண்டிய ஆற்றல் முழுமையாக இருந்தும், அதைத் தடுப்பது எதுவும் இல்லாதிருந்தும், அது உடனே நிகழாமல் தாமதிக்குமானால் அந்தத் தாமதத்துக்குக் காரணம் என்ன என்னும் கேள்வி, சமயத் தத்துவத்திலும் இயற்பியலிலும் தனித்தனியே எழுந்து தனித்தனியே ஆராயப்பட்டு வந்திருக்கிறது. சின்ன காஞ்சிபுரத்தில் அது அருளைப் பற்றிய கேள்வியாக எழுந்தது: இறைவனுடைய கருணைக்கு எல்லையில்லை, அவனுடைய வல்லமைக்குத் தடையில்லை என்றால், ஓர் உயிருக்கு வீடுபேறு இன்று கிடைப்பதும் நேற்றுக் கிடைக்காமற்போனதும் எதனால்? உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடங்களில் அது வாயுவைப் பற்றிய கேள்வியாக எழுந்தது: முறிவுக்குப் போதுமான மின்னழுத்தம் கொடுக்கப்பட்ட பிறகும் தீப்பொறி ஒரு முறை உடனே பாய்வதும், மறுமுறை சற்றுப் பொறுத்துப் பாய்வதும், இன்னொரு முறை பாயாமலே விடுவதும் எதனால்? இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அறிவியலைக் கொண்டு சமயத்தை நிறுவுவதற்கு அன்று. அப்படி நிறுவலாம் என்ற நம்பிக்கை இரண்டுக்குமே தீங்கு செய்திருக்கிறது. காரணம் என்ற ஒரே கருத்துக்குள் கலந்து கிடக்கும் வெவ்வேறு பொருள்களைப் பிரித்தறிவதற்கு வாயுவின் மின்முறிவு அரிய தெளிவுடன் உதவுகிறது. அந்தத் தெளிவு அருளைப் பற்றிய பழைய வாதத்தில் எந்த இடத்தில் பயன்படும், எந்த இடத்தில் பயன்படாது என்பதே இங்கு ஆராயப்படுவது.

இந்தியத் தருக்க நூல்களில் இக்கேள்விக்கு ஒரு பொதுவடிவம் உண்டு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நியாய ஆசிரியர் உதயனர் தம் நியாயகுசுமாஞ்சலியில், உலகில் எதுவும் காரணமின்றித் தற்செயலாகவே தோன்றுகிறது என்போரை மறுக்கும்போது, ஒரு பொருள் சிலபோது இருந்து சிலபோது இல்லாதிருக்கும் தன்மையையே சான்றாக எடுத்துக்கொள்கிறார். காரணமே வேண்டாத ஒன்று எப்போதும் இருக்க வேண்டும், அல்லது எப்போதும் இல்லாதிருக்க வேண்டும். இடையில் தோன்றுவது எதுவாயினும் அது வேறொன்றைச் சார்ந்தே தோன்றியாக வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அவருக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே, பௌத்தத் தருக்கத்தை ஒழுங்குபடுத்திய திக்நாகர் காஞ்சியை ஒட்டிய பகுதியில் பிறந்தவர் என்பது மரபு. மணிமேகலை அறவண அடிகளிடம் தருக்கமும் சார்பில் தோற்றமும் கேட்டதாகக் காப்பியம் சொல்லும் இடமும் காஞ்சியே. எனவே காரணத்தைப் பற்றிய நுண்ணாய்வு இந்த ஊருக்குப் புதிதன்று. வைணவ ஆசாரியர்கள் அருளைப் பற்றி வாதிட்டபோது அவர்களுடைய கையில் ஏற்கெனவே கூர்தீட்டிய கருவிகள் இருந்தன.

அத்திகிரி வரதராசப் பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த சின்ன காஞ்சிபுரத்தில் இந்த வாதத்தின் வேர், இராமானுசர் தம் ஐயங்களைத் திருக்கச்சி நம்பிகள் வழியாகப் பெருமாளிடம் கேட்டு ஆறு வார்த்தைகளை விடையாகப் பெற்றார் என்னும் வரலாற்றில் இருக்கிறது. பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்துவந்த நம்பிகளிடம் அருளப்பட்டதாகக் கருதப்படும் அந்த ஆறில் ஒன்று, வீடுபேற்றுக்கு வழி பிரபத்தி, அதாவது சரணாகதி என்பது. மற்றொன்று, சரணடைந்தவனுக்கு உயிர்பிரியும் நேரத்து நினைவு கட்டாயமன்று என்பது. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணினால் சிக்கல் உடனே தெரியும். இறுதி நினைவைக் கூட வேண்டாத அருள், சரணாகதி என்ற ஒரு செயலை மட்டும் ஏன் வேண்ட வேண்டும்? வேண்டுமென்றால் அருள் அந்தச் செயலுக்கு விலையாகிவிடாதா? வேண்டாமென்றால் எல்லோரும் இந்நேரம் வீடுபெற்றிருக்க வேண்டாமா?

இக்கேள்விக்கு இரண்டு பெரும் விடைகள் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் உருவாயின. விளக்கொளிப் பெருமாள் கோயில் கொண்ட தூப்புலில் 1268இல் தோன்றிய வேதாந்த தேசிகர், ரஹஸ்யத்ரயஸாரத்தில் இறைவனைச் சித்தோபாயம் என்றும், உயிர் செய்யும் சரணாகதியைச் சாத்தியோபாயம் என்றும் பிரிக்கிறார். சித்தோபாயம் என்பது எவராலும் உண்டாக்கப்படாமல் எப்போதும் இருக்கின்ற வழி. சாத்தியோபாயம் என்பது இனி ஒருவன் செய்து முடிக்க வேண்டிய வழி. பின்னது முன்னதற்கு ஆற்றல் எதையும் கொடுப்பதில்லை, அது ஒரு வியாஜம் மட்டுமே, அதாவது அருள் செயற்படுவதற்கு ஒரு நிமித்தம். ஆயினும் அந்த நிமித்தம் இன்றியமையாதது, ஏனெனில் அதுவும் இல்லாமல் ஒருவனுக்கு அருளி மற்றொருவனை விட்டுவிட்டால், பிரம்மசூத்திரம் எடுத்து மறுக்கும் வைஷம்யம், நைர்க்ருண்யம் என்ற இரண்டு குற்றங்களும், அதாவது பட்சபாதமும் இரக்கமின்மையும், இறைவனைச் சாரும் என்பது தேசிகர் நிலை. பிள்ளை லோகாசாரியரோ ஸ்ரீவசனபூஷணத்தில், வழி என்பது இறைவன் ஒருவனே என்றும், உயிரின் சரணாகதியை வழி என்று எண்ணுவது அவனுடைய இடத்தில் தன் செயலை வைப்பதாகும் என்றும், அருள் நிர்ஹேதுகம், அதாவது நம் பக்கத்துக் காரணம் எதையும் நோக்காதது என்றும் நிலைநாட்டுகிறார். லோகாசாரியர் அத்திகிரிப் பெருமாளின் அவதாரமே என்று, மணற்பாக்கத்து நம்பி என்னும் அடியாரின் வரலாற்றைக் கொண்டு, லோகாசாரியர் வழிநிற்கும் தென்கலையார் போற்றுவர். வடகலையார் வழிநிற்கும் தேசிகரோ அதே பெருமாளின் திருவடி நிழலில் பிறந்து அவரைப் பாடியவர். ஒரே சந்நிதி இரண்டு விடைகளுக்கும் தாயகமாயிற்று.

தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி, தாய் கவ்வி எடுத்துச் செல்லும் பூனைக் குட்டி என்ற இரண்டு உவமைகளால் இக்கருத்து வேறுபாடு பிற்காலத்தில் எளிமையாக்கப்பட்டது. உவமைகள் நினைவில் நிற்கின்றன. வாதத்தை அவை குறைத்துவிட்டன. குரங்குக் குட்டியின் பிடி நழுவினால் அது விழும், ஆகவே அதன் உழைப்பே அதைக் காக்கிறது என்ற எண்ணம் அந்த உவமையால் வருகிறது. தேசிகர் தம் நூலில் வியாஜத்துக்கு அத்தகைய ஆற்றலை எங்கும் கொடுக்கவில்லை. இன்றியமையாமை வேறு, ஆற்றல் வேறு என்பதை உவமை மறைத்துவிட்ட இந்த இடத்தில்தான் வாயுவின் இயல்பைக் கவனிப்பது பயன்தரும்.

காற்று முதலான வாயுக்கள் இயல்பில் மின்சாரத்தைக் கடத்தா. அவற்றின் மூலக்கூறுகள் நேர், எதிர் மின்னேற்றங்களைச் சமமாகக் கொண்டு நடுநிலையில் இருப்பவை. ஒரு மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரான் பிரிந்து வெளியேறுவதை அயனியாக்கம் என்பர். இரண்டு உலோக மின்வாய்களுக்கு இடையே வாயுவை வைத்து மின்னழுத்தத்தை உயர்த்தும்போது, அந்த இடைவெளியில் உள்ள ஒரு விடுபட்ட எலக்ட்ரான் மின்புலத்தால் இழுக்கப்பட்டு வேகம் பெற்று, வழியில் ஒரு மூலக்கூறை மோதி அதிலிருந்து மற்றோர் எலக்ட்ரானை வெளியேற்றுகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும் இந்த நிகழ்வை ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் டவுன்சென்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து கணித வடிவம் கொடுத்தார். இவ்வாறு 27 முறை இரட்டித்தால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை 13 கோடியைத் தாண்டும்; ஏறத்தாழ 10 கோடியை எட்டிய நிலையில் அக்கூட்டத்தின் மின்புலமே சுற்றியுள்ள வாயுவை மேலும் குலைக்கத் தொடங்கி, ஒளியும் வெப்பமும் கொண்ட கடத்தும் பாதை ஒன்று திறந்துகொள்கிறது. அதுவே மின்முறிவு. சாதாரண அழுத்தத்தில் காற்றுக்கு இது சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோவோல்ட் அளவில் நிகழ்கிறது.

ஆனால் இரட்டித்தல் தொடங்குவதற்கு முதலில் ஒன்று வேண்டும். பூச்சியத்தை எத்தனை முறை இரட்டித்தாலும் பூச்சியமே. மின்னழுத்தம் எவ்வளவு போதுமானதாக இருந்தாலும், சரியான இடத்தில், சரியான நேரத்தில் ஒரு விடுபட்ட எலக்ட்ரான் இல்லையென்றால் வாயு அசையாமல் நிற்கும். அந்த முதல் எலக்ட்ரானை வித்து எலக்ட்ரான் என்று சொல்லலாம். மின்னழுத்தம் போதிய அளவை எட்டிய கணத்திலிருந்து வித்து எலக்ட்ரான் தோன்றும்வரை கழியும் காலத்தைப் புள்ளியியல் தாமதம் என்றும், அது தோன்றியபின் பெருகி முறிவாக முதிரும் காலத்தை உருவாக்கத் தாமதம் என்றும் பொறியியலார் பிரிக்கின்றனர். பின்னது ஏறத்தாழ நிலையானது. முன்னது ஒவ்வொரு முறையும் மாறுவது. மின்னல் தாக்குதலைப் போலச் செய்து காப்பைச் சோதிக்கும் ஆய்வுக்கூட அலை 1.2 மைக்ரோநொடியில் உச்சத்துக்கு ஏறி, 50 மைக்ரோநொடியில் பாதியாக இறங்கும்; மைக்ரோநொடி என்பது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நிலத்துக்கு அருகே காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் நொடிக்குச் சுமார் 10 அயனி இணைகள் தோன்றுகின்றன என்று கொண்டால், அத்தகைய சிறு இடைவெளியில் 50 மைக்ரோநொடிக்குள் ஒன்று புதிதாகத் தோன்றுவதற்கு இரண்டாயிரத்தில் ஒரு வாய்ப்பே உண்டு. அதனால்தான் சிறிய உருண்டை மின்வாய்களைக் கொண்டு மின்னழுத்தத்தை அளக்கும்போது அவற்றின்மீது புற ஊதாக் கதிரையோ வேறு கதிர்வீச்சையோ செலுத்தி வித்து எலக்ட்ரான்களுக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சர்வதேசத் தரவிதிகள் கூறுகின்றன. வீடுகளில் எரிந்த குழல்விளக்குகளின் ஸ்டார்ட்டர்கள் சிலவற்றுக்குள் கிரிப்டான்-85 என்ற கதிரியக்க வாயு மிகச் சிறிய அளவில் அடைக்கப்பட்டிருந்ததும் இதே காரணத்தால்தான்; அது இல்லாவிட்டால் முழு இருட்டில் விளக்கு எரியத் தொடங்கத் தாமதமாகும்.

உயர் மின்னழுத்தக் கருவிகளில் காற்றுக்குப் பதிலாகப் பயன்படும் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு என்னும் வாயுவில் இச்செய்தி இன்னும் கூர்மையடைகிறது. பாரிசில் ஆன்றி முவாசானும் பால் லெபோவும் ஏறத்தாழ 1900ஆம் ஆண்டில் உருவாக்கிய இந்த வாயு காற்றைவிட ஐந்து மடங்கு கனமானது. 400 கிலோவோல்ட் அளவில் இயங்கும் துணைமின் நிலையங்களின் சர்க்யூட் பிரேக்கர்களுக்குள் அடைக்கப்படுவது. இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரிலும் இன்று அப்படி ஒரு துணைமின் நிலையம் இருக்கிறது. ஒரே அழுத்தத்தில் காற்றைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு மின்புலத்தை இது தாங்குவதற்குக் காரணம், இதன் மூலக்கூறுகள் விடுபட்ட எலக்ட்ரானைக் கண்டவுடன் பற்றிக்கொண்டு எதிர் அயனியாகிவிடுவதே. கனமான அந்த அயனி வேகம் பெறாது, பெருக்கும் நிகழாது. மின்புலம் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் மட்டுமே பற்றலை மீறிப் பெருக்கம் வெல்லும். எல்லையைத் தாண்டிய பிறகும் வித்துக்குக் காத்திருக்க வேண்டும். அந்த வித்தும் பெரும்பாலும் புதிதாகப் பிறப்பதன்று, முன்னொரு காலத்தில் பற்றப்பட்டு எதிர் அயனியில் ஒடுங்கியிருந்த எலக்ட்ரான் மின்புலத்தின் கீழ் நிகழும் மோதலில் மறுபடி விடுபட்டு வருவதே. (பூமியைச் சூடாக்குவதில் இவ்வாயு ஒரு நூற்றாண்டுக் கணக்கில் கார்பன் டைஆக்சைடைப் போல 23,000 மடங்குக்கு மேல் வலியது என்பதால் மாற்று வாயுக்கள் தேடப்படுகின்றன, அவற்றுக்கும் வித்துப் பற்றிய விதி ஒன்றே.)

அந்த வித்து முதன்முதலில் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. எவ்வளவு நன்றாகக் காப்பிட்டாலும் மின்னேற்றம் காற்றில் மெல்லக் கசிந்துவிடுகிறது என்பதை 1785இலேயே கூலும் கவனித்திருந்தார். 1901இல் ஸ்காட்லாந்தின் சி.டி.ஆர். வில்சன், இக்கசிவுக்குக் காரணம் வளிமண்டலத்துக்கு வெளியிலிருந்து வரும் கதிராக இருக்கலாமோ என்று எண்ணித் தம் கருவியை இரவில் ஒரு ரயில் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்ப் பார்த்து, அங்கும் கசிவு குறையாததைக் கண்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். 1912 ஆகஸ்ட் 7 அன்று விக்டர் ஹெஸ் பலூனில் ஏறக்குறைய 5,300 மீட்டர் உயரம் சென்று, அங்கே அயனியாக்கம் தரைமட்டத்தைவிடப் பல மடங்காவதை அளந்து, வில்சன் கைவிட்ட எண்ணமே சரி என்று நிறுவினார். வில்சனின் சுரங்கம் காட்டியதும் பொய்யன்று. பாறையிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவற்றின் கதிரியக்கமும், பாறையிலிருந்து கசியும் ரேடான் வாயுவும் நிலத்துக்கு அருகில் அயனியாக்கத்தின் பெரும்பங்கைத் தருகின்றன, விண்கதிரின் பங்கு கடல்மட்டத்தில் கன சென்டிமீட்டருக்கு நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இணைகள்தாம். கோலார் தங்கவயலின் ஆழத்தில் 1960களில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் விண்கதிர்த் துகள்களை எண்ணியபோது, ஆழம் கூடக் கூட எண்ணிக்கை தேய்ந்துகொண்டே போயிற்று. அங்கும் பாறையின் கதிரியக்கம் நின்றுவிடவில்லை. வரதராசர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் கருங்கல்லும் தன் பங்குக்கு ஓயாமல் காற்றை அயனியாக்கிக்கொண்டே இருக்கிறது. வித்து அறவே இல்லாத இடம் பூமியில் இல்லை. எந்தக் கணத்தில் எந்த இடத்தில் என்பதுதான் தெரியாதது.

வானத்தில் இக்கேள்வி இன்னும் முடியவில்லை. இடிமேகங்களுக்குள் அளக்கப்படும் மின்புலம் அங்குள்ள காற்றை முறிக்க வேண்டிய அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான், ஆயினும் மின்னுகிறது. 1992இல் ரஷ்ய அறிஞர் குரேவிச்சும் உடனுழைத்தவர்களும், விண்கதிர்களால் உண்டாகும் மிகு வேக எலக்ட்ரான்கள் குறைந்த மின்புலத்திலேயே பெருக்கைத் தொடங்கிவைக்கலாம் என்று கூறினர். மின்னலின் தொடக்கத்தை அது மட்டுமே விளக்குமா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. உதகமண்டலத்தில் அதே டாட்டா ஆய்வு நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 கருவித்தொகுதி, 2014 டிசம்பர் 1 அன்று கடந்து சென்ற ஓர் இடிமேகத்தால் விண்கதிர் மியூவான்களின் எண்ணிக்கை குறைந்ததைக் கொண்டு, அம்மேகத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டது; 2019இல் வெளியான அம்முடிவு, அத்தகைய அளவு இயலும் என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே கணித்த அதே வில்சனைச் சரியெனக் காட்டியது.

இப்போது வாதத்துக்குத் திரும்பலாம். வாயுவின் மின்முறிவில் மூன்று செய்திகள் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றன. வித்து எலக்ட்ரான் இன்றியமையாதது. அது இல்லாமல் முறிவு இல்லை. ஆயினும் முறிவின் ஆற்றலில் அதற்குப் பங்கில்லை. பொறியின் ஒளி, வெப்பம், ஓசை அனைத்தும் மின்புலத்திலிருந்தே வருகின்றன, வித்து கருங்கல்லிலிருந்து வந்ததா விண்ணிலிருந்து வந்ததா புற ஊதா விளக்கிலிருந்து வந்ததா என்பதைப் பொறியைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. மேலும் மின்புலம் இல்லாத இடத்தில் வித்து தோன்றினால் அது காற்றின் ஆக்சிஜனால் நொடியின் மிகச் சிறு பங்குக்குள் பற்றப்பட்டு ஒன்றும் செய்யாமல் ஒழிகிறது. இன்றியமையாமையும் ஆற்றலின்மையும் ஒரே பொருளில் முரண்பாடின்றி நிற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தேசிகர் வியாஜம் என்று சொன்னதன் உட்பொருள் இதுவே: சரணாகதி வேண்டும், ஆனால் அருளின் அளவு சரணாகதியின் அளவைப் பொறுத்ததன்று. வியாஜம் வேண்டுமென்றால் அருள் விலைக்கு விற்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டு, விலைக்கும் பொருளுக்கும் இடையே ஈடு இருந்தால் மட்டுமே நிற்கும். ஈடே இல்லாதபோது அது விழுந்துவிடுகிறது.

மற்றொரு புறம், வித்தை இடைவெளி தானே உண்டாக்கிக்கொள்ளவில்லை. அது பாறையிலிருந்தும் விண்ணிலிருந்தும் கேளாமலே வருவது; வாயுவின் தகுதி, முயற்சி எதையும் நோக்காமல் எங்கும் ஓயாமல் பெய்துகொண்டிருப்பது. பிள்ளை லோகாசாரியர் வற்புறுத்தியதும் இதையே. இறைவன் ஓர் உயிரை ஏற்க விரும்பும்போது, அவ்வுயிர் தெரியாமல் செய்த செயல்களில் ஏதேனும் ஒன்றை நன்மையாக எண்ணிக்கொள்கிறான் என்று அம்மரபு கூறும்: ஊரின் பெயரை ஏதோ பேச்சில் சொன்னது, களைத்து வந்த அடியார் ஒதுங்க நிழல் இருந்தது, வேறொரு நோக்கத்தில் இறைத்த நீர் அவருடைய தாகத்தைத் தீர்த்தது ஆகியவை. இவற்றை யாத்ருச்சிக சுகிருதம், அதாவது எண்ணாமல் நேர்ந்த நல்வினை என்பர். செய்தவனுக்கே நினைவில்லாத அச்செயல் எங்கோ ஒடுங்கியிருந்து உரிய காலத்தில் பயன்படுகிறது என்ற கருத்து, எதிர் அயனியில் ஒடுங்கியிருந்து மீளும் எலக்ட்ரானை நினைவுபடுத்துவது தற்செயலான ஒப்புமையே. ஆனால் நிமித்தமாக இருப்பது உரிமையாக ஈட்டப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்து தற்செயலானதன்று, அதுவே வாதத்தின் நடுநரம்பு. குறிப்பிடத்தக்கது என்னவென்றால், தேசிகரும் ஆசாரியனை அடைவதற்குரிய ஆறு காரணங்களை எண்ணும்போது இறைவனுடைய நட்புள்ளத்தை முதலிலும், இந்த யாத்ருச்சிக சுகிருதத்தை அடுத்தும், பகையின்மையைப் பின்னரும் வைக்கிறார். அவருடைய வரிசையிலும் உயிரின் தெளிந்த முடிவுக்கு முன்னால் உயிர் ஈட்டாத இரண்டு மூன்று படிகள் இருக்கின்றன.

ஒப்புமை இதற்கு மேல் செல்லாது என்பதையும் அதே அழுத்தத்துடன் சொல்ல வேண்டும். வாயுவுக்கு விருப்பமில்லை, ஏற்பும் மறுப்பும் இல்லை. தேசிகர் கூறும் சரணாகதியின் உறுப்புகளில் மகாவிசுவாசம், அதாவது அசையாத நம்பிக்கை, அறிவுள்ள உயிரால் மட்டுமே இயலுவது. சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு எலக்ட்ரானைப் பற்றுவதை உயிரின் மறுப்புக்கு ஒப்பிடத் தோன்றலாம். ஒரு மூலக்கூறின் அமைப்பில் குற்றம் காண்பது பொருளற்றது. பொறியாளருக்கு முறிவு தவிர்க்க வேண்டிய கேடு, அருளோ வேண்டப்படுவது. எல்லாவற்றிலும் பெரிய வேறுபாடு, மின்புலம் வித்தை எதிர்பார்த்து ஏங்குவதில்லை என்பது. இரு கலை ஆசாரியர்களும் ஒரே குரலில் சொல்வதோ, இறைவன் உயிரைப் பெறுவதற்கு உயிரைவிட அதிகமாக விரும்புகிறான் என்பது. அருளின் இந்த இயல்பைப் பற்றி இயற்பியலிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

உதயனரின் விதியும் இங்கு ஓர் எல்லையைச் சந்திக்கிறது. முறிவு சிலபோது நிகழ்வது வித்தைச் சார்ந்து. வித்து சிலபோது தோன்றுவது ஓர் அணுக்கரு சிதைவதைச் சார்ந்து. அந்தக் கரு ஏன் இந்தக் கணத்தில் சிதைந்தது? தோரியம்-232இன் அரைவாழ்வு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். திரளான கருக்களில் பாதி அக்காலத்துக்குள் சிதையும் என்பது உறுதி, ஒரு தனிக் கரு எப்போது சிதையும் என்பதற்குக் குவாண்டம் இயற்பியல் எந்த நிமித்தத்தையும் காட்டுவதில்லை. நிமித்தங்களின் சங்கிலி நிமித்தம் இல்லாத ஒன்றில் போய் நிற்கிறது. தன் சங்கிலியின் முதல் கண்ணியை நிர்ஹேதுகம் என்று சொல்லும் தத்துவத்தைத் தருக்கத்துக்கு ஒவ்வாதது என்று இனி எளிதில் தள்ளிவிட முடியாது. நிர்ஹேதுகம் ஒழுங்கின்மையும் ஆகாது: காப்பைச் சோதிக்கும் பொறியாளர் 15 அலைகளைச் செலுத்தி இரண்டுக்கு மேல் முறிவு நேராவிட்டால் கருவியை ஏற்பதும், நூற்றுக்கு ஐம்பது முறை முறியும் மின்னழுத்தத்தைத் துல்லியமாகக் குறிப்பதும், தனி நிகழ்வின் கணம் தெரியாமலே மொத்தத்தின் ஒழுங்கை நம்பித்தான்.

ஆகவே வியாஜம் வேண்டும் என்பதும், வியாஜம் நம்முடையதன்று என்பதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அருகிலுள்ள காரணத்தை நோக்கி ஒருவர் பேசினார். அந்தக் காரணத்தின் காரணத்தை நோக்கி மற்றவர் பேசினார். தேசிகரைப் படிப்போர் செயலைப் பெரிதாக்கிவிடாமலும், லோகாசாரியரைப் படிப்போர் செயலின்மையைக் கொள்கையாக்கிவிடாமலும் காப்பதற்கு ஒருவர் நூல் மற்றவர் மாணவர்க்கு வேண்டியிருக்கிறது. இரு கலைகளுக்கும் இடையே பதினெட்டு வேறுபாடுகளை எண்ணிவைத்திருக்கும் மரபில் உண்மையான தத்துவ வேறுபாடுகள் இல்லாமற்போகவில்லை. ஆனால் வரதராசர் கோயிலில் தலைமுறைகளாக நீதிமன்றம்வரை சென்று வந்த பூசல்கள் யார் எதை எந்த இடத்தில் ஓதுவது என்ற உரிமையைப் பற்றியவை, அருளைப் பற்றியவை அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் அருளைப் பற்றிய ஆராய்ச்சி அந்தந்தக் கலையின் வீட்டுக்குள் அடங்கிப்போயிற்று. தூப்புலிலும் சந்நிதித் தெருவிலும் இன்று காலட்சேபம் கேட்கும் இளைஞர்கள் ரஹஸ்யத்ரயஸாரத்தின் சித்தோபாய அதிகாரத்தையும் ஸ்ரீவசனபூஷணத்தின் நிர்ஹேதுகப் பகுதியையும் ஒரே பருவத்தில், ஒன்றுக்கு மற்றொன்றை உரையாக வைத்துப் படிக்க வேண்டும். படிப்பிக்கும் பெரியோர் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.